கேத்தி பாலாடா முதல் மேட்டுப்பாளையம் வரை: பிக்கப் வண்டியின் ஆயில் விளக்கு சொல்லும் சேதி

ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள கேத்தி பள்ளத்தாக்கில், பொழுது விடிவதற்கு வெகு நேரம் முன்பே கேரட் வேலை தொடங்கிவிடுகிறது. சுற்றிலும் படிப்படியாக இறங்கும் நிலங்களில் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், பூண்டு என மலைக்காய்கறிகள். பிடுங்கிய கேரட், பாலாடாவில் உள்ள கழுவும் இயந்திரங்களுக்கு வந்து, மண் நீங்கி, மூட்டையாகி, பிக்கப் வண்டிகளில் ஏறுகிறது. அங்கிருந்து குன்னூர், மரப்பாலம், பர்லியாறு, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் மண்டி. காலை ஏலத்துக்குள் மூட்டை இறங்கியாக வேண்டும். விதைத்து மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்த பயிரின் விலை, கடைசி இரண்டு மணி நேரப் பயணத்தில் அடங்கியிருக்கிறது.

குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் சாலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறது. வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பனிக்காலத்தில் மேலே உறைபனி படிந்த நிலத்தில் கிளப்பிய வண்டி, அடுத்த சில மணி நேரத்தில் சமவெளி வெயிலில் நிற்கும். ஒன்றரை டன் பாரத்துடன் இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வண்டியை அடக்கிக்கொண்டு வர வேண்டும். சமவெளியில் மறைந்து கிடக்கும் இன்ஜின் கோளாறு, இந்தச் சாலையில் வெளிப்பட்டுவிடும்.

வளைவில் மின்னிய விளக்கு

கேத்தி பக்கத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவரின் பிக்கப் அப்படித்தான் மாட்டியது. ஏழு வயதான டீசல் வண்டி. மரப்பாலம் தாண்டிய ஒரு வளைவில் டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு ஒரு நொடி மின்னி அணைந்தது. அடுத்த வளைவிலும் அதேபோல. நேரான சாலையில் எரியவில்லை. ஓட்டிய இளைஞர், "அண்ணா, ஆயில் லைட் மின்னுது. கீழே போய்ப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த விவசாயி, "வேண்டாம்பா, பர்லியாத்துல ஓரங்கட்டு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்ஜினைக் காப்பாற்றியது. காரணத்தைத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

பெரும்பாலான வண்டிகளில் இந்த விளக்கு, ஆயில் பிரஷர் அரை கிலோ அளவுக்கு இறங்கிய பிறகுதான் எரியும். ஓடும் வேகத்தில் மூன்று, நான்கு கிலோ இருக்க வேண்டிய இடத்தில் அரை கிலோ என்றால், கிராங்க் பேரிங்குக்குப் போதுமான ஆயில் போகவில்லை என்று பொருள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள மெல்லிய ஆயில் படலம்தான் இரும்பும் இரும்பும் உரசாமல் தடுக்கிறது. படலம் அறுந்தால் சில நிமிடங்களே போதும். பேரிங் தேய்ந்து, உருகி, கிராங்கைப் பிடித்துக்கொள்ளும். டர்போ அதற்கும் முன்பே போய்விடும். டீசல் குறைவு விளக்கு எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாம். ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரைகூடப் போகக் கூடாது.

ஆனால் மலைப்பாதையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாம்' என்று சிலருக்குத் தோன்றும். இது உயிருக்கே உலை வைக்கும் யோசனை. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும், பவர் ஸ்டீயரிங்கும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகும். இன்ஜின் பிடிப்பு இல்லாமல் ஒன்றரை டன் பாரத்தை வெறும் பிரேக்கில் நிறுத்த முடியாது. அருகில் உள்ள அகலமான இடத்தில், மலைச்சரிவுப் பக்கமாக ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அதன் பிறகே இன்ஜினை அணைக்க வேண்டும்.

பர்லியாறு: கம்பியைப் பார்க்கும் இடம்

மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு விளையும் பழமையான அரசுத் தோட்டக்கலைப் பண்ணை உள்ள ஊர் பர்லியாறு. மலை ஏறுபவர்களும் இறங்குபவர்களும் டீக்கும் பழத்துக்கும் நிற்கிற இடம். வண்டியை ஓரளவு சமமான இடத்தில் நிறுத்தினார்கள். சரிவில் நிற்கும் வண்டியில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், டிப்ஸ்டிக் தவறான அளவைக் காட்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் இறக்கி எடுத்துப் பார்த்தார்கள். ஆயில், கீழ்க்கோட்டுக்கும் கீழே நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது.

வளைவில் மட்டும் ஏன் விளக்கு எரிந்தது என்பதற்கு இதுதான் விடை. இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் சேம்பரில் ஒரு சல்லடைக் குழாய் ஆயிலை உறிஞ்சுகிறது. வண்டி வளைந்து, பிரேக் பிடித்து, மூக்கு கீழ்நோக்கிச் சாயும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு சரியாக இருந்தால் சல்லடை மூழ்கியே இருக்கும். குறைந்திருந்தால் அந்த ஒரு நொடி சல்லடை காற்றை உறிஞ்சும். விளக்கு மின்னும்.

கையேட்டில் சொல்லியிருந்த 15டபிள்யூ-40 ரக ஆயிலை வாங்கி, அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கம்பியில் பார்த்து, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினார்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறுதான்; கிராங்க் அடித்து ஆயில் நுரைத்துவிடும், நுரைக்கும் பிரஷர் நிற்காது. இன்ஜினைக் கிளப்பியதும் விளக்கு அணைந்தது. மீதி வளைவுகளில் ஒருமுறைகூட மின்னவில்லை.

கல்லாறு: சூடான இன்ஜினின் சேதி

வளைவுகள் முடிந்து, கல்லாறு சோதனைச்சாவடி வரிசையில் வண்டி நின்றது. இன்ஜின் நன்றாகச் சூடேறி, மெதுவாக ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் விளக்கு மறுபடியும் மங்கலாக எரிந்தது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்தது, விட்டால் எரிந்தது.

இப்போது ஆயில் அளவு சரியாக இருக்கிறது. ஆகவே இது வேறு கோளாறு. வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் அங்கேயே நிறுத்தினார்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து காலி வண்டி ஒன்றை வரவழைத்து மூட்டைகளை மாற்றி ஏற்றினார்கள். கேரட் ஏலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிக்கப், ரெக்கவரி வண்டியில் ஏறிப் பட்டறைக்குப் போனது.

விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்காமல், எப்போது எரிகிறது என்று கவனித்துச் சொன்னால் பாதிக் கோளாறைப் பட்டறைக்குப் போகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

* வளைவிலும் பிரேக்கிலும் மட்டும் மின்னினால்: ஆயில் அளவு குறைவு.
* சூடான பிறகு, ஐடிலில் மட்டும் எரிந்தால்: ஆயில் நீர்த்துவிட்டது, அல்லது சல்லடை அடைப்பு, பம்ப் தேய்மானம், பேரிங் தேய்மானம்.
* வேகம் கூட்டும்போது எரிந்தால்: சல்லடை அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், தேவைக்கு ஏற்ப உறிஞ்ச முடியவில்லை.
* குளிர்ந்த இன்ஜினிலும், எந்த வேகத்திலும் விடாமல் எரிந்தால்: ஆயில் அறவே இல்லை, பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது சுவிட்ச், ஒயர் கோளாறு.
* விளக்குடன் 'கடகட'வென்று கீழிருந்து சத்தமும் வந்தால்: பேரிங் அடிபட்டுவிட்டது. மறுபடி கிளப்பிப் பார்க்கவே கூடாது.

சொட்டுநீர் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்

பட்டறைக்குப் போவதற்குள் விவசாயியின் போனுக்குப் பல யோசனைகள் வந்துவிட்டன. "இன்ஜின் வேலை வந்துடுச்சு. பிரிச்சுத்தான் ஆகணும்" என்றார் ஒருவர். "திக்கான ஆயில் ஊத்துங்க, லைட் அணைஞ்சிடும்" என்றார் இன்னொருவர். வண்டிக்கடன் தவணை முடியவில்லை. இன்ஜினைப் பிரிப்பதென்றால் நகையை அடகு வைக்க வேண்டிய நிலை.

மேட்டுப்பாளையம் பட்டறை மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "ஏனுங்கண்ணா, அளந்து பார்க்காம எதுக்குங்க இன்ஜினைக் கழட்டோணும்? மொதல்ல கேஜ் போட்டுப் பார்த்தரலாமுங்க."

ஆயில் ஓட்டம், சொட்டுநீர்ப் பாசனம் போலத்தான். ஆயில் சேம்பர் கிணறு என்றால், சல்லடை புட்வால்வு. ஆயில் பம்ப் மோட்டார் பம்ப். ஆயில் பில்டர், வயலில் உள்ள அதே பில்டர். அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு, பைபாஸ் வால்வு. கிராங்க் பேரிங்குகள் சொட்டுவான்கள். வயலின் கடைசியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் விவசாயி உடனே மோட்டாரைக் கழற்றுவதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, புட்வால்வு அடைத்திருக்கிறதா, பில்டர் அழுக்கா, பைபாஸ் திறந்திருக்கிறதா, எங்காவது குழாய் விட்டுவிட்டதா என்று வரிசையாகப் பார்க்கிறார். கேஜ் முள்ளைப் பார்க்கிறார். இங்கும் அதே வரிசைதான்: செலவில்லாததில் தொடங்கி, செலவுள்ளதற்குப் போக வேண்டும்.

பட்டறையில் நடந்த சோதனை

முதலில் கண்ணால் பார்த்தார்கள். கம்பியில் வந்த ஆயிலில் டீசல் வாடை இல்லை. பால் கலந்தது போல வெளுப்பும் இல்லை. வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஆயில் கெட்டிக் கறுப்பாக இருந்தது. மாற்ற வேண்டிய கிலோமீட்டர் எப்போதோ தாண்டியிருந்தது. சேம்பர் ஓரத்தில் ஆயில் கசிந்து தூசி படிந்திருந்தது. அளவு குறைந்ததற்கு அந்தக் கசிவு ஒரு காரணம்.

அடுத்து சுவிட்ச். அதன் ஒயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது. ஒற்றை ஒயர் சுவிட்ச் உள்ள பழைய வண்டிகளில் இப்படி அணைந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று பொருள். அணையாவிட்டால், ஒயர் எங்கோ உரசி பாடியில் படுகிறது. கம்ப்யூட்டர் மூலம் விளக்கு எரியும் புது வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது; ஸ்கேனர் போட வேண்டும்.

பிறகு சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் முள் கேஜ் பொருத்தினார்கள். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி அளந்தபோது ஐடிலில் 0.4 கிலோ, 2,000 சுற்றில் 1.2 கிலோ. பொதுவாக 1,000 சுற்றுக்கு 0.7 கிலோ என்பது பழைய கைக்கணக்கு. சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் இது குறைவு. கேஜ் நல்ல அளவைக் காட்டியிருந்தால், சில நூறு ரூபாய் சுவிட்சை மாற்றுவதோடு வேலை முடிந்திருக்கும். விளக்கு பொய் சொல்லவில்லை என்பது இப்போது உறுதியானது.

மூன்றாவதாக ஆயிலையும் பில்டரையும் மாற்றினார்கள். மறுபடி கேஜ்: ஐடிலில் 0.6 கிலோ. சற்று ஏறியது, போதவில்லை.

நான்காவதாகத்தான் சேம்பரை இறக்கினார்கள். இன்ஜினை வெளியே எடுக்கத் தேவையில்லாத வேலை இது. சல்லடையில் பாதிக்கு மேல் கறுப்புப் பசை. அதற்குள் ரப்பர் நூல் போல ஏதோ சிக்கியிருந்தது. முன்பு வேறொரு பட்டறையில் சேம்பர் கேஸ்கெட் மாற்றியபோது, கசிவை நிறுத்த ஒட்டுப்பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கிய பசை நாளடைவில் பிய்ந்து, சல்லடையில் போய் அடைத்திருக்கிறது. கசிவும் நிற்கவில்லை.

சேம்பரின் அடியில் உலோகத் தூள் இருக்கிறதா என்று காந்தம் வைத்தும், வெள்ளைத் துணியில் துடைத்தும் பார்த்தார்கள். பேரிங் பூச்சு காந்தத்தில் ஒட்டாது. துணியில் மினுமினுப்பாகத் தெரியும். எதுவும் இல்லை. உறுதிப்படுத்த ஒரு கனெக்டிங் ராடு பேரிங்கை மட்டும் திறந்து பார்த்தார்கள். கீறல் இல்லை.

சல்லடையையும் உறிஞ்சு குழாயையும் சுத்தம் செய்து, குழாயின் ரப்பர் வளையத்தை மாற்றி, ரிலீஃப் வால்வைக் கழுவி, புது கேஸ்கெட்டில் சேம்பரை ஏற்றினார்கள். புது ஆயில். மீண்டும் சூடேற்றி அளந்தபோது ஐடிலில் 1.3 கிலோ, 2,000 சுற்றில் 3.4 கிலோ. "இன்ஜின் நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்குக் குடிக்கத்தான் வழியில்லாம இருந்துச்சுங்க" என்றார் மேஸ்திரி. ஆயில், பில்டர், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்தும், இன்ஜினைப் பிரித்திருந்தால் ஆகியிருக்கும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆனது. நகை வீட்டிலேயே இருந்தது.

துணியில் மினுமினுப்பு தெரிந்திருந்தால் கதை வேறு. அப்போது எல்லாப் பேரிங்கையும் திறந்து, கிராங்க் தேய்மானத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, தேவையானால் லேத் பட்டறையில் கிராங்கைச் சாணை பிடித்து, அதற்கு ஏற்ற அளவில் பேரிங் போட வேண்டும். அந்த நிலையிலும் அளவைக் காட்டச் சொல்லிக் கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

கெட்டி ஆயில் தீர்வல்ல

பிரஷர் குறைந்தால் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றி விளக்கை அணைப்பது பலரின் வழக்கம். கேஜில் முள் ஏறும். நோய் அப்படியே இருக்கும். அடைத்த சல்லடை வழியாகக் கெட்டி ஆயில் இன்னும் மெதுவாகத்தான் போகும். அதிலும் மலையில் இது பெருந்தவறு. ஆயில் டப்பாவில் 'டபிள்யூ'வுக்கு முன் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதையும், பின் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கிறது. உறைபனிக் காலையில் கெட்டி ஆயில் மேலேறி டர்போவுக்கும் வால்வுக்கும் போய்ச் சேருவதற்குள் தேய்மானம் நடந்துவிடும். கையேடு சொல்லும் ரகமே மேலும் கீழும் போகும் வண்டிக்கு ஏற்றது. சில்லறையில் அளந்து ஊற்றும் ஆயிலும், டிராக்டர் ஹைட்ராலிக்கில் மிச்சமான ஆயிலும் வேண்டவே வேண்டாம்.

வாரத்துக்கு ஒருமுறை, மூட்டை ஏற்றும் முன், சமமான இடத்தில் கம்பியைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அறுவடைக் காலத்தில் தினமும் பார்ப்பது நல்லது. ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும், உரம் போட்ட கணக்கு எழுதும் அதே நோட்டில் எழுதி வைக்கலாம். மலையில் பாரத்துடன் ஏறி இறங்கும் வண்டிக்குக் கையேட்டில் 'கடின உபயோகம்' என்று தனியாக, குறைந்த கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். அதுதான் இந்த வண்டிகளுக்கான கணக்கு.

வாசகர் கேள்விகள்

கேள்வி: சாவியைத் திருப்பும்போது ஆயில் விளக்கு எரிகிறது. கிளப்பியதும் அணைகிறது. இது கோளாறா?

பதில்: இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். கிளப்பும் முன் பிரஷர் இல்லாததால் எரிகிறது. ஓரிரு நொடியில் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியவே இல்லை என்றால்தான் கவலை. பல்போ சுவிட்சோ போயிருக்கும். ஆபத்து வந்தாலும் தெரியாது. உடனே சரிசெய்யவும்.

கேள்வி: ஆயில் ஊற்றாமலே கம்பியில் அளவு ஏறுகிறது. நல்லதா?

பதில்: ஆபத்து. டீசலோ தண்ணீரோ கலக்கிறது. பி.எஸ்-6 வண்டிகளில், புகைக்கரியை எரிக்கும் டி.பி.எஃப். வேலையைப் பாதியில் நிறுத்தி நிறுத்திக் குறுகிய தூரமே ஓட்டினால், டீசல் ஆயிலில் இறங்கி நீர்த்துவிடும். ஆயிலை மாற்றி, காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வண்டிகளுக்கு அதற்கென்றே உள்ள குறைந்த சாம்பல் ஆயிலை மட்டும் ஊற்றவும்.

கேள்வி: டிராக்டருக்கும் இதே முறைதானா?

பதில்: ஆம். அளவு, ஆயிலின் தன்மை, கசிவு, சுவிட்ச், கேஜ், பில்டர், சல்லடை, பம்ப், பேரிங் என்ற இதே வரிசைதான். சேற்று உழவில் டிராக்டர் சாய்ந்து நின்று ஓடும்போது ஆயில் அளவு குறைந்திருந்தால், மலை வளைவில் நடந்ததுதான் வயலிலும் நடக்கும். உழவுக்கு இறங்கும் முன் கம்பியைப் பார்த்துவிடுங்கள்.